மிஷன் பேட்டைச் சுவரோவியங்கள்: சான்பிரான்சிஸ்கோவில் ஒரு நாள் நடை, முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்க நகரங்களில் சுவரோவியம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பிரபலமான பத்துச் சுவர்களை வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். காரில் ஒவ்வொன்றாகப் போய் நின்று, படமெடுத்து, திரும்பிவிடுகிறார்கள். பாதி நாள் பார்க்கிங் தேடுவதிலேயே போய்விடும். பார்த்த பத்தும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்குப் பதில் ஒரே பேட்டையை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு சுவரில் பார்த்த ஓவியரின் கை இன்னொரு சுவரில் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிப்பதில்தான் ருசியே இருக்கிறது.

பழகுவதற்குச் சான்பிரான்சிஸ்கோவின் மிஷன் பேட்டை தோதான இடம். மெக்சிகோ, எல் சால்வடோர், நிகராகுவா என்று லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. 1970களின் தொடக்கத்திலிருந்து இங்கே சுவர்களில் வரைந்துவருகிறார்கள். கீழே சொல்லும் பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. நின்று பார்த்து நடந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

கிளம்பும் முன் மூன்று பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மிராண்டா பெர்க்மன், ஹுவானா அலிசியா, சூசன் செர்வாண்டஸ். ஏன் என்பது நடக்க நடக்கத் தெரியும்.

1. நாள், நேரம், போக்குவரத்து

மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. செப்டம்பர், அக்டோபரில் வெயிலும் வெதுவெதுப்பும் கிடைக்கும். கோடையில் நகரின் மேற்குப் பக்கம் மூடுபனியில் கிடக்கும்போதும் மிஷனில் வெயிலடிப்பது சகஜம். ஆனாலும் பிற்பகலில் காற்று கிளம்பிவிடும், ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். படமெடுப்பதுதான் முக்கியம் என்றால் மேகமூட்டமான நாளே மேல்: நிழல் வெட்டாது, நிறம் வெளுக்காது.

காலை பத்து மணிக்கு பார்ட் என்ற வட்டார மின்ரயிலில் 16வது தெரு மிஷன் நிலையத்தில் இறங்குங்கள். விமான நிலையத்திலிருந்தும் நேரடி ரயில் உண்டு. வாடகைக் கார் வேண்டாம். கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குவது இந்த ஊரில் பழகிப்போன தொல்லை. பின் இருக்கையில் ஒரு காலிப் பை கிடந்தாலே போதும்.

2. கிளாரியன் சந்து

நிலையத்திலிருந்து மிஷன் தெருவில் தெற்கே நடந்து 17வது தெருவைத் தாண்டினால் வலப்பக்கம் சந்து திறக்கும். மறுமுனை வலென்சியா தெரு. 1992இல் இந்த வட்டாரத்து ஓவியர்கள் சிலர் சேர்ந்து கிளாரியன் சந்துச் சுவரோவியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இங்குள்ள ஓவியங்கள் நிரந்தரமல்ல. வாடகை உயர்வு, குடிபெயர்ப்பு, காவல்துறை வன்முறை என்று அன்றன்றைய சண்டைகள் சுவருக்கு வரும், போகும். பழைய வலைப்பதிவில் கண்ட ஓவியத்தைத் தேடி வந்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

கண்ணைப் பழக்கும் இடம் இது. நாலைந்து வகைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒரே வீச்சில் எழுதிய பெயர் 'டேக்'. குண்டு குண்டாக இரண்டு நிறத்தில் அவசரமாக அடித்தது 'த்ரோ-அப்'. நேரமெடுத்துப் பல நிறத்தில் எழுத்தையே ஓவியமாக்கியது 'பீஸ்'. வெட்டிய அட்டை வழியே தெளித்தது ஸ்டென்சில், அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். காகிதத்தில் அச்சடித்து ஒட்டியதும் உண்டு. நம்மூர் சினிமா போஸ்டருக்கு மைதாப் பசை காய்ச்சுகிற அதே வித்தைதான். அருகில் போனால் காகித ஓரம் உரிந்திருப்பது தெரியும். தூரிகை வேலையா, ஸ்ப்ரேயா என்று அறிய விளிம்பைப் பாருங்கள்: ஸ்ப்ரேயின் ஓரம் புகைபோல் கரையும், தூரிகையில் இழுத்த தடம் தெரியும்.

சந்து கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆகவே வடபுறச் சுவருக்கு வெயில், தென்புறச் சுவருக்குப் பெரும்பாலும் நிழல். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒன்று கருத்துவிடும், அல்லது மற்றது வெளுத்துவிடும். தனித்தனியே எடுங்கள். சுவரோரம் படுத்திருப்பவர்களைப் படத்தில் சேர்க்காதீர்கள்.

3. பெண்கள் கட்டடம்

வலென்சியா பக்கமாக வெளியேறி 18வது தெருவில் மேற்கே திரும்பினால் சில நிமிடங்களில் 3543ஆம் எண்ணில் பெண்கள் கட்டடம் என்ற பெண்கள் சமூக மையம். அதன் மேலுள்ள மேஸ்ட்ராபீஸ் என்ற ஓவியம் 1994இல் முடிந்தது, 2012இல் புதுப்பிக்கப்பட்டது. 18வது தெரு முகப்பையும் லாபிட்ஜ் தெருப் பக்கத்தையும் முழுக்கப் போர்த்தியிருக்கிறது. ஏழு பெண்கள் முன்னின்று வரைந்தது. மேலே சொன்ன மூவரும் அந்த ஏழில் உண்டு.

இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் எதிர்ச்சாரியில் நின்று முழு அமைப்பையும் பாருங்கள். ஜன்னல்களை ஓவியம் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது, முகங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது தூரத்தில்தான் பிடிபடும். குவாத்தமாலாவின் பூர்வகுடி உரிமைப் போராளி ரிகோபெர்த்தா மென்ச்சூவைத் தேடுங்கள். பிறகு சாலையைக் கடந்து சுவரருகே போங்கள். வரைந்த துணி மடிப்புகளுக்குள் பெண்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். தூரத்தில் வெறும் நெசவுபோலத் தெரிவது அதுதான்.

முகப்பு வடக்கு நோக்கியது, வெளிச்சம் பெரும்பாலும் சீராக இருக்கும். போன் கேமராவின் 0.5 அகலக் கோணத்தில் எடுத்தால் முழுக் கட்டடமும் அடங்கும், ஆனால் ஓரத்து முகங்கள் இழுபட்டுக் கோணலாகும். 1 மடங்கிலேயே வைத்து, சுவருக்கு நேரெதிரே நின்று, மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பகுதி பகுதியாக எடுங்கள். பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

4. 24வது தெரு

வலென்சியா வழியே தெற்கே ஆறு தெரு நடந்தால் 24வது தெரு. இடப்பக்கம் திரும்பி மிஷன் தெருவைக் கடங்கள். கடந்ததுமே தெற்கே பிரியும் லைலாக் சந்தில் ஸ்ப்ரே எழுத்து வேலைகள் உண்டு. ஐந்து நிமிடம் போதும். சவுத் வான் நெஸ் முனையில் டேனியல் கால்வெஸ் 1983இல் வரைந்த கார்னிவல் ஓவியம் உயரத்தில் இருக்கும். ஊர்வலப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்தது, அதனால்தான் முகங்கள் அத்தனை தத்ரூபம். பசித்தால் இந்தத் தெருவிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மெக்சிகன் பேக்கரிகளும் டாக்கேரியா என்ற டாக்கோ கடைகளும் வரிசையாக இருக்கின்றன.

5. பால்மி சந்து

ஹாரிசன் தெருவுக்குச் சற்று முன், தெற்கே பிரியும் ஒற்றைத் தெரு நீளச் சந்து. நடையின் உயிர் இங்கேதான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெண் ஓவியர்கள் 1970களின் தொடக்கத்தில் இங்கே வரையத் தொடங்கினார்கள். 1984இல் ரே பட்லான் முன்னின்ற பிளாக்கா என்ற ஓவியர் குழு, மத்திய அமெரிக்கப் போர்களையும் அங்கே அமெரிக்காவின் தலையீட்டையும் எதிர்த்துச் சந்து முழுவதையும் ஓவியங்களால் நிரப்பியது. அந்த வரிசையில் பெர்க்மனும் ஓபிரையன் தீலேயும் வரைந்த ஓவியத்தில், காணாமல்போனவர்களின் படத்தை ஏந்தி நிற்கும் பெண்களைக் காணலாம். ஒரு பக்கம் துயரம், மறுபக்கம் விளைச்சல். பெண்கள் கட்டடத்தில் பார்த்த முகங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இடையில் பத்தாண்டுகள் இருக்கின்றன.

ஓவியம் இருப்பது பெரும்பாலும் வீட்டு மரவேலிகளிலும் கராஜ் கதவுகளிலும்தான். கதவு மேலே ஏறியிருந்தால் ஓவியமும் கூடவே ஏறிவிடும், காத்திருப்பது தவிர வழியில்லை. கதவில் சாயாதீர்கள், வண்டி வந்தால் ஒதுங்குங்கள். ஓவியத்தின் கீழ் மூலையில் கையொப்பமும் ஆண்டும் தேடுங்கள். இரண்டு ஆண்டுகள் இருந்தால் இரண்டாவது பெரும்பாலும் புதுப்பித்த ஆண்டு. மரவேலியில் அடிப்பகுதி முதலில் உரிவது ஈரத்தால். சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் தங்கியிருந்தால் அது வெயிலின் வேலை.

சந்து வடக்குத் தெற்காக ஓடுகிறது. காலையில் மேற்குப் பக்கச் சுவருக்கும், மாலையில் கிழக்குப் பக்கச் சுவருக்கும் வெயில். கோடை நேரக் கணக்கில் ஒரு மணி வாக்கில் சூரியன் சந்தின் நேர்கோட்டில் நிற்கும், இரண்டும் ஓரளவு சமமாகும். பத்து மணிக்குத் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

அருகில் 24வது தெரு 2981இல் பிரெசிட்டா ஐஸ் இருக்கிறது. சூசன் செர்வாண்டஸ் தம் கணவர் லூயிஸுடன் 1977இல் நிறுவிய சுவரோவிய மையம். வழிகாட்டி நடைகள் உண்டு, நேரத்தை அவர்கள் தளத்தில் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

6. யார்க் தெரு முனை

கிழக்கே தொடர்ந்தால், அலபாமா தெரு முனைத் தேவாலய வளாகத்தில் இசாயாஸ் மாத்தாவின் ஓவியம்: கொலம்பஸ் வந்ததிலிருந்து ஐந்நூறு ஆண்டு எதிர்ப்பு. அதற்கப்பால் யார்க் முனையில் ஹுவானா அலிசியாவின் 2004ஆம் ஆண்டுச் சுவர். முன்பு இதே இடத்தில் லெட்டூஸ் வயலில் வேலை செய்யும் பெண்களை அவர் 1983இல் வரைந்திருந்தார். சுவருக்குள் நீர் இறங்கி அது பாழானது. புதிதாக வரைந்ததும் நீரைப் பற்றியே: பிள்ளைகளை ஆற்றில் இழந்து அழும் மெக்சிகோ கதையின் லா யொரோனா, தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்த பொலிவிய மக்கள், கூடவே அணையால் வீடிழந்து போராடும் நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள். இந்த முனையில் நின்று இந்தியாவைக் காண்போம் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை.

7. வீடு திரும்பியபின்

எடுத்த படங்களை இடம், ஓவியர், ஆண்டு என்று பெயரிட்டு வையுங்கள், ஒரு வாரம் போனால் எது எந்தச் சந்து என்று மறந்துவிடும். கணினியில் கூகுள் வீதிக் காட்சியைத் திறந்து பழைய தேதிகளுக்கு நகர்த்தினால், அதே சுவரில் முன்பு இருந்ததைக் காணலாம். கிளாரியன் சந்தின் வாய்ப்பகுதியில் தொடங்குங்கள். இணையத்தில் பகிரும்போது ஓவியர் பெயரைப் போடுங்கள். டி-ஷர்ட்டிலோ விளம்பரத்திலோ பயன்படுத்த அனுமதி வாங்கவேண்டும், ஓவியம் பொதுவெளியில் இருந்தாலும் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருடையது. யார்க் முனையிலிருந்து 24வது தெரு மிஷன் நிலையம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வந்த சாரியில் திரும்பாமல் எதிர்ச்சாரியில் நடங்கள், கடை மூடும் நேரமானால் இழுத்துவிட்ட ஷட்டர்களிலும் ஓவியங்கள் இருக்கும்.