செங்டுல பாண்டா பாக்கணுமா? விடிஞ்சதும் கிளம்பிடுங்க

சீனாவுல இருக்குற செங்டு பாண்டா இனப்பெருக்க மையத்துக்குப் போற நிறைய பேரு நிதானமா சாப்டுட்டு பதினோரு மணிக்குப் போய் தூங்குற முதுகை மட்டும் பாத்துட்டு வராங்க, மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதுறேன்.

கேட் 7:30க்குத் திறக்கும், அப்ப நீங்க வாசல்ல நிக்கணும். டிக்கெட் 55 யுவான், பாஸ்போர்ட் நம்பர் போட்டு முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிருங்க, போகும்போது அதே பாஸ்போர்ட் கையில இருக்கணும். மெட்ரோ மூணாவது லைன்ல பாண்டா அவென்யூ ஸ்டேஷன்ல இறங்கி பஸ் புடிச்சா போதும், டாக்ஸிக்கெல்லாம் செலவு பண்ண வேணாம்.

ஏன் காலைலனா, அப்பதான் அதுங்க சாப்பிடும். மூங்கில்ல சத்து கம்மி, தின்னதுல கால்வாசி கூட ஜீரணம் ஆகாது, அதனால வயிறு முட்ட தின்னுட்டு அசையாம படுத்துரும். நான் பாத்த ஒண்ணு சுவத்துல சாஞ்சு காலை நீட்டி உக்காந்துகிட்டு, மணிக்கட்டு எலும்பு ஒண்ணு கட்டைவிரல் மாதிரி நீண்டிருக்கும்ல, அதுல தண்டைப் பிடிச்சு, நாம கரும்பு கடிக்கிற மாதிரியே பல்லால பட்டையை உரிச்சு உரிச்சு வயித்து மேலயே போட்டுக்கிச்சு. அந்த நறுக் நறுக் சத்தம் இன்னும் காதுல இருக்கு!

வெயில் காலத்துல போகாதீங்க, 26 டிகிரியைத் தாண்டினா ஏசி ரூமுக்குள்ள விட்ருவாங்க, கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். குட்டிங்களைப் பாக்கணும்னா அக்டோபர், நவம்பர் நல்லது, ஏன்னா பெரும்பாலும் ஜூலைலேருந்து செப்டம்பருக்குள்ள பொறக்கும். பொறக்கும்போது நூறு கிராம் தான், அம்மா நூறு கிலோ! ரெட்டைக் குட்டி பொறந்தா காட்டுல அம்மா ஒண்ணைத்தான் வளர்க்கும், இங்க ஒண்ணை இன்குபேட்டர்ல வச்சு மாத்தி மாத்தி அம்மாகிட்ட குடுத்து ரெண்டையும் காப்பாத்துறாங்க. 1987ல ஆறு பாண்டாவோட ஆரம்பிச்ச இடம்ங்க இது.

ஹுவா ஹுவாங்குற பாண்டாதான் அங்க ஸ்டார், அதைப் பாக்க க்யூ ரொம்ப நீளம், உள்ள நிக்க விடுறதோ சில நிமிஷம் தான். அதைப் பாத்தே ஆகணும்னா கேட் திறந்ததும் நேரா அங்க ஓடுங்க, இல்லனா விட்ருங்க, மத்த பாண்டாங்க சாப்பிடுறதை ஆற அமர பாக்கலாம்.

கண்ணாடியைத் தட்டாதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க. ஒருத்தர் தட்டினப்ப தூங்கிட்டிருந்த குட்டி திடுக்குனு முழிச்சுச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு.

பத்தரைக்கு மேல எல்லாம் தூங்கிட்டா உடனே வெளிய வந்துராதீங்க, சிவப்பு பாண்டா இருக்குற பக்கம் போங்க. பேருதான் பாண்டா, ஜாதி வேற, பெரிய பூனை அளவுதான் இருக்கும், அந்த வரி வரி வாலைப் பாக்கவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.