அரசாணை வந்தாச்சு, பணம் எங்கே? அரசின் செலவு, கடன் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனுவோடு வருகிறவர்களில் பலர் ஒரே வாதத்தோடு வருவார்கள். "எங்க ஊர் ரோட்டுக்கு முதலமைச்சரே பணம் ஒதுக்கிட்டாருங்க. இவங்கதான் வேலையைத் தொடங்க மாட்டேங்கிறாங்க." எதிரே உட்கார்ந்திருப்பவர் "இன்னும் ஃபண்டு வரலைங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலமைச்சர் அறிவித்திருப்பார், ஆனால் ஒதுக்கியிருக்க மாட்டார். ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

மாநிலத்தின் வரி வருவாய், வாங்கிய கடன் எல்லாம் போய்ச் சேரும் இடம் தொகுநிதி. சட்டப்படி அல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 266. அதற்கான சட்டத்தை ஆண்டுதோறும் புதிதாக நிறைவேற்ற வேண்டும். பிரிவு 202-ன்படி வரவு செலவு அறிக்கை வைக்கப்படும், 203-ன்படி மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் கேட்கும் செலவுத் தொகைகள், ஓட்டுக்குப் போகும், 204-ன்படி நிதி ஒதுக்கச் சட்டம் வரும். அதற்குப் பிறகுதான் கருவூலத்தில் பில் நகரும். பட்ஜெட் உரை, அமைச்சரின் கொள்கை விளக்கக் குறிப்பு, சட்டமன்ற விதிகளில் 110-வது விதியின்கீழ் முதலமைச்சர் படிக்கும் அறிவிப்பு, ஏற்காடு கோடை விழா மேடையில் சொன்ன வாக்குறுதி எதுவும் அந்தச் சட்டமாகாது. 110 அறிவிப்பின்மீது சட்டமன்றத்தில் விவாதம்கூடக் கிடையாது.

அதனால் அரசாணை கையில் கிடைத்தால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்கப்படும் என்று நீளமான எண் இருக்கும். நிதித்துறையின் இசைவு பெறப்பட்டதற்கான குறிப்பும் தேதியும் இருக்கும். சில ஆணைகளில் இன்னொரு பத்தியும் இருக்கும்: இந்தச் செலவு 'புதுப் பணி' (பட்ஜெட்டில் இடம்பெறாதது), சட்டமன்றத்தின் ஒப்புதல் பின்னர் துணை மதிப்பீட்டில் பெறப்படும், அதுவரை எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துக்கொள்ளலாம். செலவை இப்போது செய்துகொள்கிறோம், அனுமதியைப் பிறகு கேட்டுக்கொள்கிறோம் என்பதற்கு இதுதான் அலுவலக மொழி. பிரிவு 267 இதை அனுமதிக்கிறது. ஆனால் எதற்காக? முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத செலவுக்காக. மழையில் மலைப்பாதைத் தடுப்புச் சுவர் சரிந்தால் அது நியாயம். ஆறு மாதம் முன்பே தேதி குறித்த விழாவுக்கு என்றால் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். மத்திய அரசின் எதிர்பாராச் செலவு நிதி 2021-ல் 500 கோடியிலிருந்து 30,000 கோடி ரூபாயாக உயர்ந்தது. பெருந்தொற்றைப் பார்த்த பிறகு அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் அனுமதிக்கு முன் செலவழிக்கும் இடம் அறுபது மடங்கு விரிந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடனில்தான் தவறான புரிதல் அதிகம். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு, நம் அரசமைப்பிலும் ஒரு 'கடன் உச்சவரம்பு' எண் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவிலேயே அந்த எண் அரசமைப்பில் இல்லை; 1917-லிருந்து அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிவரும் சாதாரணச் சட்டங்களில் இருக்கிறது. எண்ணை அரசமைப்பிலேயே எழுதிவைத்த நாடுகளில் ஒன்று ஜெர்மனி. 2009-ல் எழுதினார்கள். பெருந்தொற்றுக்கு என்று ஒப்புதல் பெற்ற 6,000 கோடி யூரோ கடன் வரம்பைப் பருவநிலைத் திட்டங்களுக்கு மாற்றியதை, அந்த நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2023 நவம்பர் 15 அன்று செல்லாது என்று அறிவித்தது.

நம்முடைய பிரிவு 292-ம் 293-ம் வேறு மாதிரி. தொகுநிதியை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கும் அதிகாரத்தை நேரடியாக அரசு நிர்வாகத்திடமே கொடுத்துவிட்டு, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு வரம்பு 'ஏதேனும்' விதித்திருந்தால் அதற்குள் என்று நிறுத்திக்கொள்கின்றன. ஒவ்வொரு கடனுக்கும் தனி ஓட்டு கிடையாது. சரி, திருப்பிக் கட்டும்போதாவது? வட்டியும் அசலும் தொகுநிதியின் மீது சார்த்தப்பட்ட செலவுகள். பிரிவு 203-ன்படி அவற்றைப் பற்றி அவையில் பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது. வாங்கும்போதும் ஓட்டில்லை, கட்டும்போதும் ஓட்டில்லை. ஊர் ரோட்டுக்குச் செலவழிக்கும் தொகைக்கு ஓட்டு வேண்டும், அந்தப் பணத்தை வாங்கிய கடனுக்கு வேண்டாம். தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதை இயற்றிய அவையே சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம், பல முறை திருத்தியும் இருக்கிறது.

அப்படியானால் மாநிலத்துக்குக் கடிவாளமே இல்லையா என்றால், இருக்கிறது, வேறோர் இடத்தில். மத்திய அரசு கொடுத்த கடனில் ஒரு பகுதி பாக்கியிருந்தாலும், மாநிலம் புதிதாகக் கடன் வாங்க மத்திய அரசின் சம்மதம் வேண்டும் என்கிறது 293(3). சம்மதத்தோடு நிபந்தனையும் போடலாம் என்கிறது 293(4). வெளிநாட்டில் மாநிலம் நேரடியாகக் கடன் வாங்கவும் முடியாது. ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் நிதி எல்லாம் டெல்லி வழியாகத்தான் வரும், அதுவும் மத்தியக் கடன் பாக்கியாகவே நிற்கும். 2020-21 முதல் மூலதனப் பணிகளுக்கு மாநிலங்களுக்குக் கொடுக்கப்படும் வட்டியில்லாக் கடனின் காலம் 50 ஆண்டு. வட்டியில்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அதை வாங்கிய மாநிலம் இன்னும் அரை நூற்றாண்டுக்கு 293(3)-ன் பிடிக்குள் இருக்கும். பட்ஜெட் விவாதங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

கேரளத்தின் வழக்கு இங்கிருந்துதான் கிளம்பியது. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி வாங்கிய கடனையும் மாநிலத்தின் கடனாகவே எண்ணி மத்திய அரசு கேரளத்தின் கடன் வரம்பைக் குறைத்தது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டது, 293 பற்றிய கேள்விகள் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டன. இதை 'மத்திய அரசு ஜெயித்துவிட்டது' என்று எழுதுவதும் தவறு, 'மாநில உரிமை வென்றது' என்று எழுதுவதும் தவறு.

கிஃப்பி கதை நமக்கும் தூரமில்லை. சேலம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பும் அரசு பஸ்ஸை ஓட்டுவது சட்டப்படி ஒரு கம்பெனி. கம்பெனி தன் பெயரில் வாங்கும் கடன் தொகுநிதிக்குள் வராது, அதனால் 204-ன் ஓட்டும் அதைத் தொடாது. மின்சாரத்துக்கும் இதே கதை. அரசு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தால், கம்பெனி கட்டத் தவறும் நாளில்தான் அது பட்ஜெட்டுக்குள் நுழையும். மாநிலக் கடன் இவ்வளவு என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், உத்தரவாதங்கள் உள்ளேயா வெளியேயா என்று முதலில் கேளுங்கள்.

எண் என்றதும் மாநில நிதிநிலை பற்றித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கை நினைவுக்கு வரும். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். சேலம் அஞ்சு ரோடு டீக்கடையில் இன்றும் இந்த எண் உலவுகிறது, சில சமயம் வட்டியோடு. மொத்தக் கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. அரசியலுக்கு நல்ல வாக்கியம். ஆனால் அந்தக் கடனுக்கு ஈடு தொகுநிதி, எந்தக் குடும்பத்தின் வீட்டுப் பத்திரமும் இல்லை. வருவாயில் எத்தனை பங்கு வட்டிக்குப் போகிறது, வாங்கிய கடனில் எவ்வளவு சம்பளம், மானியம் போன்ற அன்றாடச் செலவுக்குப் போனது என்ற இரண்டும்தான் உருப்படியான கேள்விகள்.

சார்த்தப்பட்ட செலவு என்பதே இன்றைய ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த ஓட்டை என்று சிலர் பேசுகிறார்கள். அது 1935-ம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே இருந்தது, இன்னும் கடுமையாக. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராகி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். அதனால் இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஒரு மாவட்டத்தின் கள்ளுக்கடைகளையே மூடும் அளவுக்கு அதிகாரம் இருந்த மந்திரிசபை அது. இருந்தும், சட்டமன்றம் வெட்டிய செலவைத் தன் 'சிறப்புப் பொறுப்பு' என்று சொல்லி ஆளுநர் திரும்பச் சேர்க்கலாம். செலவுப் பட்டியல் செல்லுபடியாக அவர் கையெழுத்தே போதும். அந்தக் கையெழுத்து இருந்த இடத்தில்தான் 1950-ல் நிதி ஒதுக்கச் சட்டம் வந்து உட்கார்ந்தது.

நீதிமன்றத்துக்குப் போய் இலவசங்களை நிறுத்திவிடலாம் என்பது அடுத்த நினைப்பு. கலர் டி.வி., மிக்சி, கிரைண்டர் விவகாரத்தில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: பொதுநோக்கம் இருந்து, நிதி ஒதுக்கச் சட்டத்தின் வழியாகப் பணம் எடுக்கப்பட்டால், கொள்கையில் நீதிமன்றம் நுழையாது. கணக்குத் தணிக்கையாளரின் வேலையும் செலவுக்குப் பிறகுதான் தொடங்கும். அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள்.

கடைசியாக, மார்ச் மாதத்துத் தவறு. ஒதுக்கீடு சட்டமாகிவிட்டால் செலவழித்தே ஆக வேண்டும் என்று நினைப்பது. நம் ஒதுக்கச் சட்டம் ஓர் உச்சவரம்பு, உத்தரவு அல்ல. அமெரிக்காவில் காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் நிக்சன் முடக்கி வைத்ததால் 1974-ல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். நம்மிடம் அப்படியொன்று இல்லை. துறை செலவழிக்காத பணம் மார்ச் 31-க்குள் ஒப்படைக்கப்படும் அல்லது காலாவதியாகும், 'ஃபண்டு லேப்ஸ்' என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆகவே தகவல் உரிமை மனுவில் 'எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று நிறுத்திவிடாதீர்கள். மானியக் கோரிக்கை எண், கணக்குத் தலைப்பு, எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். ஒப்படைத்தது மார்ச் 30 அல்லது 31 என்று பதில் வந்தால், அடுத்த மனுவுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.