சேர்ந்து வேலை செய்வோர் சண்டை போட்டுக்கொள்வது எதற்காக?

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், அல்லது இரண்டு வடிவமைப்பாளர்கள், சேர்ந்து வேலை செய்துவிட்டு அப்புறம் முகம் கொடுத்துப் பேசாமல் போனால் அதற்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிடுகிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பேசாமல் விட்ட கணக்குதான் காரணம்.

"முதலில் வேலையை முடிப்போம், பங்கை அப்புறம் பேசிக்கலாம்" என்பதுதான் பெரிய தவறு. முடிந்த பிறகு அவரவர் உழைப்புதான் அவரவருக்குப் பெரிதாகத் தெரியும். பாட்டு நன்றாக ஓடிவிட்டால் கேட்கவே வேண்டாம். பாட்டு உருவான அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: தலைப்பு, தேதி, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, ஒவ்வொருவரின் சதவீதம், கையெழுத்து. கூட்டினால் 100 வர வேண்டும். 50, 30, 30 என்று எழுதிவிட்டு 110 வருவதைக் கவனிக்காமல் போகிறவர்களும் உண்டு. கணக்கு ஒத்துவராதவரை உரிமைத்தொகை (ராயல்டி) கைக்கு வராமல் நிற்கும். இன்னொன்று, பாடலுக்கான, அதாவது வரிக்கும் மெட்டுக்குமான உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கான உரிமை வேறு. கிதார் வாசித்தவருக்கு ஒலிப்பதிவில் மட்டும் பங்கு தர நினைத்து வெறுமனே "10%" என்று எழுதினால், நாளைக்கு மெட்டிலும் அவர் பங்கு கேட்கலாம்.

"ஆளுக்குப் பாதி" என்று எழுதினாலும் வேலை முடியவில்லை. பாட்டைப் பயன்படுத்த மற்றவர்களுக்கு யார் அனுமதி கொடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டப்படி கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே, ஒருவருக்கு மட்டும் என்றில்லாத பொதுவான அனுமதியைக் கொடுக்கலாம். லாபத்தில் பங்கு தந்தால் போதும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் மற்றவரின் சம்மதம் வேண்டும். ஆகவே "இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் யாருக்கும் அனுமதி" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

போட்டி என்றதும் விலையில் கை வைப்பது அடுத்த தவறு. கூலி 100, செலவு 40 என்றால் கையில் நிற்பது 60. போட்டியாளரை முந்த 20 குறைத்தால் நிற்பது 40. கையில் நிற்பதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அடுத்த முறையும் வாடிக்கையாளர் அந்த 80-ஐத்தான் கேட்பார். குறைத்தே ஆக வேண்டுமென்றால் வேலையைக் குறையுங்கள்: மூன்று மாதிரிக்குப் பதில் ஒன்று, நான்கு சுற்றுத் திருத்தத்துக்குப் பதில் இரண்டு. இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. தொழிலில் இருக்கும் எல்லாரும் கூடி "இதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது" என்று முடிவெடுப்பது ஒற்றுமை மாதிரிதான் தெரியும். ஆனால் தனியாகத் தொழில் செய்கிறவர்கள் அப்படிச் செய்தால், பல நாடுகளின் போட்டிச் சட்டம் அதை விலைக்கூட்டு என்றே பார்க்கும்.

கை நிறைய வேலை இருக்கும்போது ஒன்றை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது நல்ல பழக்கம்தான், அதைச் செய்கிற விதத்தில்தான் கோளாறு. வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் தள்ளிவிட்டு, உண்மை பிறகு தெரியவந்தால் இருவர் பெயரும் கெடும். தரகு உண்டா, முதல் வேலைக்கு மட்டுமா, அந்த வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு வேலைக்குமா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

வடிவமைப்புக் கோப்பு ஒப்படைப்பதிலும் கவனம் வேண்டும். எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கிய படத்தை மட்டும் அனுப்பினால், வாங்கியவர் ஒரு எழுத்தை மாற்றவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பு, இணைத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில், கடைசியாக ஒப்புதல் பெற்ற பதிப்பு எது என்ற குறிப்பு, இவ்வளவும் போக வேண்டும். எழுத்துருக்களை மட்டும் அப்படியே சேர்த்து அனுப்பாதீர்கள். பல எழுத்துருக்களின் உரிமம் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். பெயரைச் சொல்லுங்கள், அவரே வாங்கிக்கொள்ளட்டும்.