பரிசாகக் கொடுக்கத் தக்காளித் தொக்கும் கொய்யா ஜாமும்

புதுமனை புகுவிழாவுக்குச் செல்லும்போதும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும்போதும், கையில் ஒரு பாட்டில் வீட்டுத் தொக்கு இருந்தால் அதற்குக் கிடைக்கும் வரவேற்பு கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டிக்குக் கிடைப்பதில்லை. ஆனால், நம் வீட்டுக்குச் செய்யும் தொக்கு வேறு, பிறருக்குக் கொடுக்கும் தொக்கு வேறு. நம் வீட்டில் ஈரக் கரண்டி போட்டால் அதட்டுவதற்கு ஆள் உண்டு. கொடுத்த இடத்தில் அந்தப் பாட்டில் எப்போது திறக்கப்படும், எங்கே வைக்கப்படும் என்பது நமக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்கு நான் கொடுத்த தொக்கு இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. அவரோ "ரொம்ப நன்றாக இருந்தது" என்றுதான் சொன்னார். ஓராண்டு கழித்து அவருடைய மகள் பேச்சுவாக்கில் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. பரிசாகக் கிடைத்த பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதால், செய்யும்போதே நாம் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

தேங்காய்ச் சட்னி, புதினாச் சட்னி போன்றவை அன்றன்றைக்கு அரைத்து உண்ண வேண்டியவை. அவற்றைப் பரிசுப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டுக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். காற்றில்லாத எண்ணெய்க்குள், புளிப்பும் சேராத நிலையில், வாசனையோ நிறமோ மாறாமலேயே நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

முதலில் பாட்டில்கள். 200 மில்லி அளவுள்ள, வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்களே போதும். பெரிய பாட்டில் பல நாள் திறந்து மூடப்பட்டே கெட்டுவிடும். அகலமான பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை விரித்து, பாட்டில்களை அடுக்கி, அவை மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, கொதி வந்த பின் 10 நிமிடம் விட வேண்டும். பிறகு சுத்தமான துணியில் கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்த வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தாராளமாக உதவும். ஆனால் தகர மூடியின் உட்பூச்சு கீறியிருந்தால் உப்பும் புளிப்பும் பட்டுத் துருப்பிடிக்கும் என்பதால் அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

தொக்குக்கு ஒரு கிலோ பழுத்த நாட்டுத் தக்காளி, 40 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய், 40 கிராம் மிளகாய்த்தூள், 35 கிராம் கல்லுப்பு ஆகியவை அளவு. கல்லுப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால், வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்துக்கொள்வது நல்லது. தக்காளியைக் கழுவித் துடைத்து நறுக்கி, கொட்டையும் நாரும் எடுத்த புளியுடன், தண்ணீர் சேர்க்காமல் குழைய வேகவைத்து, ஆறியதும் அரைக்கவும். அடி கனத்த வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம் தாளித்து, அரைத்த விழுதுடன் மஞ்சள்தூள், உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்து, சிறு தீயில் கிளற வேண்டும். தொடக்கத்தில் சுவரெல்லாம் தெறிக்கும். மூடியைச் சற்று விலக்கி வைத்துச் சமாளிக்கலாம். ஏறத்தாழ 45 நிமிடத்தில் ஓரங்களில் எண்ணெய் பிரியத் தொடங்கும். பலர் இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். என் சித்தி விஷயத்தில் நானும் அதைத்தான் செய்திருந்தேன். எண்ணெய் பிரிந்துவிட்டது என்பதற்காக நீர் வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு கரண்டித் தொக்கைத் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். அதைச் சுற்றி மெல்லிய நீர்வளையம் கசிந்தால் இன்னும் கிளற வேண்டும். கரண்டியால் கோடு இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து, பின் மெதுவாக மூடிக்கொள்வதே பதம். அடுப்பை அணைத்த பின் வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்க்கலாம். தொக்கு முழுவதும் ஆறிய பிறகே பாட்டிலை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும். அந்தச் சொட்டு விழுந்த இடத்தில்தான் பூசணம் தொடங்கும். கடைசியில், காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயை மேலே ஒரு விரற்கடை நிற்குமாறு ஊற்றினால் போதும்.

ஜாமுக்கு இதற்கு நேர்மாறான முறை. ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருள் கொய்யாவில் இயற்கையிலேயே மிகுதி என்பதால், முதன்முறை செய்பவருக்கு அதைவிட ஏற்ற பழம் இல்லை. பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் நல்லது. ஒரு கிலோவில் கால் பங்கு செங்காயாக இருக்கட்டும். கனிந்த பழத்தைவிடச் செங்காயில் பெக்டின் கூடுதல். நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து, மசித்து, விதை தங்குமாறு சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். விழுதின் எடைக்குச் சம எடைச் சர்க்கரையும், கிலோவுக்கு இரண்டு எலுமிச்சையின் சாறும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். இனிப்பு அதிகமென்று சர்க்கரையைக் குறைப்பவர்கள் உண்டு. ஜாமைக் கெடாமல் காப்பது சர்க்கரைதான். அதைக் குறைத்தால் அது குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டிய பழக்கூழாகிவிடும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். இது சமவெளிக்கான கணக்கு. உதகையிலும் கொடைக்கானலிலும் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிப்பதால், அங்கு நீரின் கொதிநிலையைவிட 4 அல்லது 5 டிகிரி கூடியதும் இறக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் பதம் வந்துவிட்டது. சூடான பாட்டிலில், சூடு ஆறுமுன்பே விளிம்புவரை ஊற்றி உடனே மூட வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் அது விரிசல் விடும்.

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் பெயரையும் செய்த நாளையும் மட்டும் எழுதினால் போதாது. பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது. இவை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். பூண்டு உண்ணாத வீடுகளும் உண்டு. ஆகவே சேர்த்த பொருள்கள் அனைத்தையும், "திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்கவும், உலர்ந்த கரண்டி போடவும்" என்ற வரியையும் எழுதிவிட வேண்டும். விமானத்தில் செல்பவருக்குக் கொடுத்தால், மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, துணிகளுக்கு நடுவே பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடக்கூடும்.

ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஒரு பாட்டிலை நான் கொடுக்காமல் எங்கள் சமையலறை அலமாரியிலேயே வைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து அதைத் திறந்து பார்ப்பேன். அதில் ஏதேனும் கோளாறு தெரிந்தால், வாங்கிக்கொண்டவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் மரியாதைக்காக மறைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.