அடிலெய்டில் ஹோம்ஸ்டே: முதல் வாரத்திலேயே வாய் திறந்து பேசிவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் படிக்க வந்த நான் ஹோம்ஸ்டே வீட்டுக்கு, அதாவது பணம் கட்டி உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கும் வீட்டுக்கு, வந்த முதல் இரவு, அந்த வீட்டு அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கையில் எடுத்து, "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், போதும்" என்றேன். நம் வீடுகளில் அதற்கு அப்புறம்தான் உபசரிப்பே தொடங்கும். "என்ன சாப்பிட்டே நீ, இன்னும் ஒரு கரண்டி" என்று தட்டில் வந்து விழும். இங்கே பாத்திரம் உள்ளே போய்விட்டது. அன்று அரை வயிற்றோடு படுத்தேன். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

வேண்டும் என்றால் முதல் தடவை கேட்கும்போதே "வேண்டும்" என்று சொல்லுங்கள். இரண்டாவது தடவை கேட்பது வற்புறுத்துவது போலாகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு மரியாதைதான். நம் மரியாதைக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

சைவம் என்றால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். முட்டை உண்டா, மீன் உண்டா, இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றிய சூப் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிட மாட்டீர்கள் என்றால் ஹோம்ஸ்டே விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம். "டீ" என்ற சொல்லும் புதியவர்களைக் குழப்பும். "ஆறு மணிக்கு டீ" என்றால் பல வீடுகளில் அது இரவுச் சாப்பாடு. தேநீர்தானே, வேண்டாம் என்று நூலகத்தில் உட்கார்ந்துவிட்டால் அன்றைய சாப்பாடு போயிற்று. யாராவது விருந்துக்கு அழைத்து "ஒரு பிளேட் கொண்டு வா" என்றால் வெறும் தட்டோடு போகாதீர்கள். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தம் கொண்டுவா என்று பொருள்.

படிப்பு தொடங்கிய பிறகு மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. வேலை நேரம் வாராவாரம் மாறும். இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டீர்கள் என்றால் மாலை நான்கு மணிக்குள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் வராமல் போவதைத்தான் பல குடும்பங்கள் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்கின்றன.

குளியலறை பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பல வீடுகளில் வெந்நீர் ஒரு தொட்டியில் சேமித்து வைத்தது. நீங்கள் இருபது நிமிடம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் ஜூலைக் குளிரில். அடிலெய்ட் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் ஆஸ்திரேலியாவிலேயே மிக வறண்டது. தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்துப் பழகியவர்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். தரையை ஈரமாக விடாமல் துடைத்துவிட்டு வாருங்கள். கழிப்பறைக்கு ஒரு சின்ன மக் வேண்டுமென்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பேசுவதில்தான் நிறைய மாணவர்களுக்கு மனக்கசப்பு வருகிறது. அடிலெய்ட் சென்னையைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்து. அம்மா வேலையெல்லாம் முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே இரவு ஒரு மணி, கோடையில் இரண்டு. உள்சுவர்கள் மெல்லிய பலகைதான். நம் சாதாரணக் குரலே அடுத்த அறைக்குக் கேட்கும். விடிகாலையில் எழுகிற குடும்பம் பத்து மணிக்கெல்லாம் விளக்கணைத்துவிடும். ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு என்று அம்மாவோடு ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் காத்திருப்பார், நீங்களும் நிம்மதியாகப் பேசலாம்.

பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். அம்மா வயதில் இருப்பவரைப் பெயர் சொல்ல எனக்கு இரண்டு வாரம் நாக்கு எழவில்லை. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு அந்நியமாகத் தோன்றும். கேட்டுவிடுங்கள்.

குப்பைத் தொட்டிகளின் மூடி நிறங்களையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பான டப்பாக்களையும் பாட்டில்களையும் மட்டும் தனியே வையுங்கள். இங்கே 1977 முதலே அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் காசு உண்டு, இப்போது ஒன்றுக்கு 10 சென்ட். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கைச்செலவே அதில்தான் இருக்கலாம்.

எல்லா வீடும் நல்ல வீடாக அமையாது. சாப்பாடு போதவில்லை, அறைக்குப் பூட்டு இல்லை, யாரோ சங்கடப்படுத்துகிறார்கள் என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். கல்லூரியின் தங்குமிட அலுவலகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வைத்திருங்கள். 18 வயது நிரம்பாதவர்கள் கல்லூரியின் அனுமதி இல்லாமல் வீடு மாறக் கூடாது, விசாவுக்கே சிக்கல் வரும். ஆபத்து என்றால் 000. தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450.

அப்புறம் சமையல். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கட்டுமா என்று கேளுங்கள். புகை போக்கும் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்த பிறகே தாளியுங்கள். மிளகாய் வற்றல் கருகினால் புகை அலாரம் வீட்டையே எழுப்பும். மஞ்சள் பட்ட மேடையை உடனே துடையுங்கள். துணியில் பட்டால் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள், கறை மங்கிவிடும். நான் முதலில் செய்தது எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அந்த அம்மா தட்டை நீட்டினார். நான் இரண்டாவது கரண்டியை, கேட்காமலே போட்டேன்.