'ஆனர்' என்றால் மரியாதை மட்டும் இல்லை

ஆங்கிலத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்கு வீட்டுப் பேச்சில் 'கீப்' போதும். 'ஷி கெப்ட் ஹர் ப்ராமிஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் ஒப்பந்தம், வாரன்டி, அலுவலகக் கடிதம் என்று வந்துவிட்டால் 'ஆனர்' என்ற வினைச்சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் வரும் எச் ஒலிக்காது.

வாரன்டி இருந்தும் பழுதான மிக்சியைச் சரிசெய்து தர மறுக்கிறார்களா? 'ப்ளீஸ் ஆனர் தி வாரன்டி' என்று எழுதுங்கள். ஒப்புக்கொண்டபடி செய்து கொடுங்கள் என்று பொருள். பணிவும் கெடாது, அழுத்தமும் குறையாது. 'ஆனர்' என்ற சொல்லுக்குப் பிறகு 'டு' போடவே கூடாது. நிறையப் பேர் போடுகிறார்கள்.

செக்குக்கும் இதே சொல்தான். வங்கி பணம் கொடுத்தால் 'ஆனர்', திருப்பி அனுப்பினால் 'டிஸ்ஆனர்'. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆவது பிரிவு பேசுவது இதைத்தான். வக்கீல் நோட்டீஸில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அவமரியாதை என்று படித்துவிடாதீர்கள்; பெரும்பாலும் கணக்கில் போதிய பணம் இல்லாமல் செக் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், 'ஷி வாஸ் ஆனர்டு' என்றால் அவரைக் கௌரவித்தார்கள் என்றாகிவிடும். வாக்கைக் காப்பாற்றினார் என்று சொல்ல 'ஷி ஆனர்டு தி அக்ரிமென்ட்' என்று, எதை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.