'மீதி அடுத்த வாரம் வருமா, தம்பி?': கதையை முடிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

சில வருஷங்களுக்கு முன் என் சிறுகதை ஒன்று ஞாயிறு பத்திரிகையில் வந்தது. கதைக்குக் கீழே என் கைப்பேசி எண்ணையும் போட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் அழைத்தார். பட்டர்வொர்த்காரர். கதை நல்லா இருக்கு என்றார், தோட்டத்தை அப்படியே கண்ணு முன்னால கொண்டு வந்துட்டீங்க என்றார். அப்புறம் கேட்டார்: "மீதி அடுத்த வாரம் வருமா, தம்பி?"

மீதி இல்லை. அவர் படித்ததுதான் முழுக் கதை. "அது ஓப்பன் எண்டிங் ஐயா" என்று சொல்லிச் சமாளித்தேன். "சரி, சரி" என்று வைத்துவிட்டார். அந்த இரண்டு சரியில் ஒன்றில்கூடச் சம்மதம் இல்லை.

கதை இதுதான். மலேசியாவின் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். நிலத்தை வீடமைப்புக்கு விற்றாயிற்று. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கடைசியாக மிஞ்சியிருப்பவர் ஒரு கிழவர். போகமாட்டேன் என்கிறார். மகன் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் வேலை செய்கிறான்; ஆறு வருஷமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. செய்தி கேட்டு ஃபெரியில் ஏறுகிறான். ஃபெரி நகர்கிறது. அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முற்றும்.

ஏன் அங்கே நிறுத்தினேன்? உண்மையைச் சொன்னால், அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியை நாலு நாள் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. தபாலில் சேர்க்க வேண்டிய நாள் நெருங்கியது. மகனைத் தண்ணீரைப் பார்க்க வைத்துவிட்டேன்.

கதை முடிவு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்று நம் எழுத்தாளர் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். என்னைக் கேட்டால், அந்தச் சண்டைக்கு முன்னால் தீர்க்க வேண்டிய விஷயம் இது: முடிவு தெரியாமல் நிறுத்தியதற்குத் திறந்த முடிவு என்று பெயர் வைப்பது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் கதையை இன்னொருவர் படிக்கிறோம். பினாங்குக் கதைகளில் பாத்திரங்கள் கடைசி வரியில் கடலைப் பார்ப்பார்கள். கோலாலம்பூர்க் கதைகளில் எல்ஆர்டி ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். கடலும் இல்லை, ரயிலும் இல்லை என்றால் இருக்கவே இருக்கிறது கூரையில் சுற்றும் காற்றாடி. எழுதியவரிடம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "அதை வாசகர் கற்பனைக்கு விட்டுட்டேன்" என்று சட்டென்று பதில் வந்தால், பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. தெரிந்தவர் கொஞ்சம் தயங்குவார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பார்.

இந்த இடத்தில் யாராவது ரஷ்ய எழுத்தாளர் செக்காவைத் துணைக்கு அழைப்பார்கள். 1888-இல் தன் பதிப்பாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதுதான்: ஒரு சிக்கலைத் தீர்ப்பது வேறு, அதைச் சரியாக முன்வைப்பது வேறு, கலைஞனுக்குக் கட்டாயம் இரண்டாவது மட்டுமே. நம் ஆட்கள் 'தீர்க்க வேண்டாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'சரியாக' என்ற சொல்லைக் கைநழுவ விட்டுவிடுகிறார்கள். கனம் முழுக்க அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நாய்க்குட்டியோடு கடற்கரை ஊருக்கு வரும் பெண்ணைப் பற்றி அவர் 1899-இல் எழுதிய கதையைப் பாருங்கள். அவளும் அங்கே அவளோடு பழகும் ஒருவனும், இருவருமே வேறு ஆட்களை மணந்தவர்கள். இனி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று கடைசிவரை தெரியவில்லை. கஷ்டமான கட்டம் இனிமேல்தான் தொடங்குகிறது என்று கதை நின்றுவிடுகிறது. திறந்த முடிவுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கதை முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வரும் கேள்வி வேறு. பெண்களைப் பொழுதுபோக்காக நினைக்கும் இந்த ஆள் உண்மையாகவே ஒருத்தியை நேசிப்பானா? அதற்குப் பதில் வந்துவிட்டது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, முதல்முறையாக, நேசித்துவிட்டான். அந்தக் கதவு அடைத்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கிறது.

என் கதையில் என்ன நடந்தது என்று அதற்கப்புறம்தான் புரிந்தது. கதை கேட்ட கேள்வி, ஃபெரி அக்கரை போய்ச் சேருமா என்பதல்ல. மகனின் மனசு அப்பாவை ஏற்றுக்கொண்டதா என்பது. அதை மூடாமல் விட்டுவிட்டேன்.

பழைய இரட்டைத் தட்டு ஃபெரியில் போனவர்களுக்குத் தெரியும், கட்டணம் ஒரு பக்கம்தான். தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போகக் காசு கேட்டதில்லை. திரும்பி வருவதற்கு அங்கே கட்ட வேண்டியிருந்தது, அப்போது பெரியவர்களுக்கு 1 ரிங்கிட் 20 காசு. கதையைத் திருத்தும்போது இதுதான் எனக்குக் கைகொடுத்தது. மகன் ஃபெரியில் உட்கார்ந்து சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைக் கொட்டி எண்ணுகிறான். திரும்பி வருவதற்கான காசைத் தனியாக எடுத்துக் கைக்குட்டையில் முடிகிறான். 2 ரிங்கிட் 40 காசு. அவ்வளவுதான். தண்ணீரைப் பார்க்கும் வரியை அடித்துவிட்டேன். மகன் முடிவெடுத்துவிட்டான் என்பது தெரிந்துவிட்டது. கிழவர் வருவாரா என்பது அவர் பாடு.

இதை எழுதுவதற்கு முன் வேறொன்றும் செய்தேன், அதைத்தான் மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். அப்பாவும் மகனும் சந்திக்கும் காட்சியை ஒரு பழைய நோட்டில் முழுசாக எழுதினேன். நன்றாக வரவில்லை, பரவாயில்லை. யார் முதலில் பேசினார், என்ன சொன்னார், கிழவர் எழுந்தாரா உட்கார்ந்தே இருந்தாரா, எல்லாம் எழுதினேன். பிறகு அதை வெட்டிவிட்டேன். எழுதி வெட்டியதும் எழுதாமலே விட்டதும் தாளில் ஒரே வெற்றிடம்தான். படிப்பவருக்கு மட்டும் எப்படியோ வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

மூடிய முடிவுக்காரர்களும் யோக்கியமில்லை. அவர்களுடைய பெரிய ஆயுதம் லாரி. குடும்பச் சண்டை ஏழு பக்கத்துக்கு முறுக்கேறிக்கொண்டே போகும். எட்டாம் பக்கத்தில் நெடுஞ்சாலையில் எதிரே ஒரு லாரி வரும். கதாநாயகன் காலி, சிக்கலும் காலி. லாரி கிடைக்காவிட்டால் மாரடைப்பு. சாவு ஒரு முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கதைக்குள்ளிருந்து வந்ததா, சாலையிலிருந்து வந்ததா? குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவன் செத்தால் அது கதை. கடன் கட்ட முடியாமல் திண்டாடியவன் மேல் லாரி ஏறினால் அது எழுத்தாளருக்கு வந்த அவசரம்.

இன்னொரு பழக்கம், கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டும் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது. கதை முடிந்துவிட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு பத்தி: "அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, தாயின் அன்புக்கு ஈடு இணையில்லை என்று." அவனுக்குப் புரிந்தது இருக்கட்டும், நமக்கு அரைப் பக்கம் முன்பே புரிந்துவிட்டதே. தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் பாடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கதையைப் படியுங்கள். கதை அதற்கு முன்பே நின்றுவிட்டதா? பாதிக் கதைகளில் நின்றுவிடுகிறது.

திறந்த முடிவு புதுமை, மூடிய முடிவு பழமை என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். நம் பாட்டிமார் சொன்ன வேதாளக் கதை என்ன வகை? ஒவ்வொரு கதையும் கேள்வியில் போய் நிற்கும். ராஜா வாயைத் திறந்து பதில் சொல்வான், வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். கடைசியில், ஓர் அப்பன் யாரோ ஒருத்தியின் மகளையும், அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்ற கேள்வி வரும். அதற்கு ராஜாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் வேதாளத்தோடு அவன் அடித்த நடை முடிகிறது. உள்ளே இருக்கும் கதை திறந்துகொள்ள, வெளியே இருக்கும் கதை மூடிக்கொள்கிறது. இதைக் கட்டியவர் யாரோ, மகா கெட்டிக்காரர்.

அதே மாதிரி, பத்திரிகைத் தொடர் என்றால் எல்லா முடிச்சும் அவிழ வேண்டும் என்கிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தமிழ் வாசகர்களை உட்கார வைத்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். ஆனால் பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அவர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

"திறந்து விட்டால்தான் மனசில் நிற்கும்" என்பவர்கள் ஓர் உளவியல் ஆய்வைக் காட்டுவார்கள். பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதியது. முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை நன்றாக நினைவில் இருக்கிறது என்றார். மாமாக் உணவுக்கடைக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். நாலு மேசைக்கு என்னென்ன தே (டீ), எத்தனை ரொட்டி சானாய், யாருக்குச் சீனி குறைவு என்று எழுதிக்கொள்ளாமலே கொண்டுவந்து வைக்கும் தம்பி, காசு வாங்கிக் கல்லாவில் போட்டதும் அத்தனையையும் மறந்துவிடுவார். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் சில இந்த முடிவை உறுதிசெய்யவில்லை. அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், நினைவில் நிற்பது மட்டும் போதுமா? கேட்ட தே வராமல் போன கடையும்தான் நினைவில் நிற்கிறது.

சில கதைகளை மூடவே கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலைப் பற்றி இங்கே இன்னமும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். 415 கிலோமீட்டர் பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. புருஷன் செத்தானா, தாய்லாந்திலேயே தங்கிவிட்டானா என்று தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் லயத்தில் கிழவியானவர்களின் கதைக்கு, கடைசிப் பத்தியில் புருஷனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் அது பொய். நண்பர் ஒருவர் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். அழுகை வந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் வெட்டச் சொன்னேன். இப்போதும் என்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார்.

துப்பறியும் கதைக்கு இந்த விவாதமே வேண்டாம். கொலைகாரன் யார் என்று சொல்லுங்கள், போதும்.

கடைசி வரியில் "நீங்களே சொல்லுங்கள், அவள் செய்தது சரியா?" என்று வாசகரைக் கேட்பதும் வேண்டாம். 1882-இல் ஃபிராங்க் ஸ்டாக்டன் என்ற அமெரிக்கர், இளவரசி தன் காதலனுக்குக் காட்டிய கதவிலிருந்து வந்தது அவன் மணக்க வேண்டிய வேறொரு பெண்ணா, அவனைக் கொல்லும் புலியா என்று கேட்டு ஒரு கதையை முடித்தார். அவருக்குச் செல்லுபடியானது, ஏனென்றால் இளவரசியின் காதலையும் பொறாமையையும் தராசில் சரிசமமாக நிறுத்தி வைத்துவிட்டுத்தான் கேட்டார். நாம் ஒரு தட்டில் கல்லைப் போட்டுவிட்டு எது கனம் என்று கேட்கிறோம்.

திருத்திய ஃபெரிக் கதையை அந்தப் பட்டர்வொர்த் பெரியவருக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த தைப்பூசத்தில், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். அந்த அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கெழவன் வரமாட்டான்" என்றார் பெரியவர், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"ஏன் வரமாட்டாரு? அதான் ரெண்டு பேருக்குச் சில்லறை எடுத்து வச்சிருக்கானே பிள்ள" என்றார் அந்த அம்மா.

"அது மவன் எடுத்து வச்சது. கெழவனா எடுத்து வச்சான்?"

அம்மா பதில் சொல்லாமல் என் கையில் ஒரு குவளையைக் கொடுத்தார். பின்னால் காவடி வந்துகொண்டிருந்தது. நகரச் சொல்லி யாரோ கத்தினார்கள். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகில் கேட்டார்: "உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி?"

"தெரியும் ஐயா" என்றேன். நோட்டு வீட்டில் இருக்கிறது. சொல்லவில்லை.